கரை திரும்பும் முனை

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் வானிலை அறிக்கையில் இந்தப் பெயர் வந்துவிடும். நடுக்கடலில் மீனவர்கள் தாக்கப்பட்டால் செய்தித்தாளிலும் வந்துவிடும். ‘கோடியக்கரைக்குத் தென்கிழக்கே’ என்று தொடங்கும் செய்தியைப் படிக்காத தமிழர் இருக்க முடியாது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்களுக்கோ இது பூங்குழலி படகு செலுத்திய கரை, வந்தியத்தேவன் இலங்கைக்குப் புறப்பட்ட துறை. இத்தனை பழகிய பெயராக இருந்தும், போய்ப் பார்த்தவர்கள் குறைவு. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் வரும் பெருங்கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான் தெற்கே இறங்கி இந்த முனைவரை வருகிறது. அப்படி வருகிறவர்களிலும் பலர் கடற்கரையோரம் காரை நிறுத்துகிறார்கள், பதினைந்து நிமிடம் நிற்கிறார்கள், ‘இங்க பார்க்க என்ன இருக்கு?’ என்று கேட்டபடி திரும்பிவிடுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கோடியக்கரையின் கடற்கரை மட்டும் பார்ப்பவரை மயக்கும் கரை இல்லை. பாறை கிடையாது, பொங்கி எழும் அலை கிடையாது. சேறு கலந்த மணலும் கலங்கிய நீரும்தான் கண்ணில் படும். இந்த முனையின் சிறப்பு அதன் பின்னால் இருக்கும் நிலத்தில் இருக்கிறது. காடு, புல்வெளி, மணல்மேடு, சதுப்பு, உப்பளம், கோயில், கலங்கரை விளக்கம் எல்லாம் வேதாரண்யத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் சாலைக்குள் அடுத்தடுத்து வருகின்றன. விடியலில் தொடங்கி இருட்டும்வரை ஒரு முழுப் பகலைக் கொடுத்தால்தான் இந்த இடம் பிடிபடும்.

வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து ஏறக்குறைய நேராகத் தெற்கே இறங்கிவரும் சோழமண்டலக் கரை, இங்கே வந்ததும் சட்டென்று மேற்கே மடங்குகிறது. முனையில் நின்றால் கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை, 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில். காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து சேர்த்த வண்டலையும், கடலின் நீவாடு தள்ளிக்கொண்டு வந்த மணலையும் கொண்டு உருவான பூமி இது. கரை திரும்புகிற இடம் என்பதால்தான் இங்கே எல்லாம் வந்து தங்குகின்றன: மணல், மீன், பறவை, புயல், படகு.

மாசி மாதத் தொடக்கத்தில் போனேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. வலசைப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, வெளியூர் மீனவர்களின் பருவமும் முடிந்திருக்காது, உப்பளங்களில் வேலை தொடங்கியிருக்கும். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க அதைவிடத் தோதான மாதம் இல்லை. வேதாரண்யத்தில் இரவு தங்கிவிட்டு, வெளிச்சம் வருவதற்குள் கோடியக்காடு சோதனைச்சாவடிக்குப் போய்விடுவது நல்லது.

வெளிமான் நிற்கும் புல்வெளி

கோடியக்கரைச் சரணாலயம் 1967ஆம் ஆண்டு வெளிமானைக் காப்பதற்காகவே அறிவிக்கப்பட்டது. பரப்பளவு 21 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் வெளிமான்கள் திறந்த வெளியில் தம் போக்கில் மேய்வதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

எங்களுடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் இந்தப் பகுதிக்காரர். பொழுது புலர்ந்து பனி விலகும்போது கையைக் காட்டி நிறுத்தினார். “அசையாம நில்லுங்க சார். அதுக்கு மூக்கைவிடக் கண்ணுதான் கூர்மை. கையை ஆட்டினா போதும், ஓடிரும்.”

ஐம்பது அறுபது அடி தொலைவில் ஒரு ஆண் மான். முதுகும் கழுத்தும் கருமை ஓடிய பழுப்பு, வயிறும் உட்கால்களும் வெள்ளை. இரண்டு நிறமும் கலக்காமல், கோடு கிழித்த மாதிரி பிரிந்து நின்றன. கண்ணைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். முறுக்கிவிட்ட கொம்புகள் இரண்டும் தலைக்குமேல் விலகிப் போயின. அது நின்ற இடத்தில் புழுக்கைக் குவியல் ஒன்று இருந்தது. மான் முன்னால் வந்து, அதை முகர்ந்து, அதன்மேலேயே மறுபடி புழுக்கை போட்டுவிட்டு நிமிர்ந்தது. “இது தன்னோட இடம்னு சொல்லுது” என்றார் காவலர். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் சிறுசிறு எல்லைகளை வகுத்துக்கொண்டு, அதற்குள் வேறு ஆண் நுழையாமல் பார்த்துக்கொள்கின்றன. கொம்பில்லாத, வெளிர்பழுப்புப் பெண் மான்கள் கூட்டமாக அந்த எல்லைகளைக் கடந்து மேய்ந்துகொண்டே போகின்றன. தூரத்தில் நரி ஒன்று தலைகாட்டியதும் பெண் மான்களில் ஒன்று நான்கு கால்களையும் ஒருசேரத் தூக்கித் துள்ளியது. அடுத்த நொடி கூட்டம் முழுக்கத் துள்ளிக்கொண்டு ஓடியது.

இந்தப் புல்வெளிக்குப் போட்டியாளர்கள் உண்டு. முன்பு ஊர்க்காரர்கள் வளர்த்து, பின்னால் அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இங்கே காட்டு விலங்குகளாகவே திரிகின்றன. கூட்டமாக வாலை வீசிக்கொண்டு நிற்கையில் பார்க்க அழகுதான். ஆனால் கோடையில் புல்லும் குடிநீரும் சுருங்கும்போது மான்களின் பங்கில்தான் அவை கைவைக்கின்றன. அதைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேலம். வெளிமானுக்குத் தூரத்தில் வருவதைப் பார்க்கத் திறந்த வெளி வேண்டும். முட்புதர் அடைத்துக்கொண்ட நிலத்தில் அது நிற்காது. வனத்துறை அந்த மரங்களை வெட்டி வேரோடு எடுத்துப் புல்வெளியை மீட்டு வருகிறது. ஓரிடத்தில் வெட்டினால் இன்னோரிடத்தில் முளைக்கிறது; நின்றுபோகக் கூடாத வேலை அது.

புல்வெளியை விட்டு உள்ளே நடந்தால் காடு. மழையை வடகிழக்குப் பருவத்தில் மட்டுமே பெரிதாகப் பார்க்கிற, ஆனால் ஆண்டு முழுதும் பச்சையாகவே நிற்கிற அபூர்வமான உலர்காடு இது. சோழமண்டலக் கரையோரம் முன்பு நெடுகப் பரவியிருந்தது. இன்று கோயில் காடுகளிலும் இதுபோன்ற சில இடங்களிலும்தான் மிச்சம். உலக்கைப்பாலை மரங்கள்தான் இந்தக் காட்டின் தலைவர்கள். ஊர்க்காரர்கள் ‘பாலா மரம்’ என்பார்கள். தடித்த சிற்றிலை, இறுகிய கட்டை, கடற்காற்றுக்கு வளைந்து கொடுத்த கிளை. கோடையில் இதன் மஞ்சள் பழத்தை வேதாரண்யம் பக்கம் கூறு வைத்து விற்பார்கள். உதட்டில் பால் ஒட்டும், தேன் இனிப்பு.

கஜா புயலைப் பற்றிக் கேட்காமல் இந்தக் காட்டில் நடக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தது. காற்று மணிக்கு 120 கிலோமீட்டருக்குக் குறையவில்லை. கடல் உள்ளே ஏறியது. மான்களும் மட்டக்குதிரைகளும் அடித்துச் செல்லப்பட்டன. மான்களின் உடல்கள் காரைக்கால் கரைவரை போய் ஒதுங்கின. “மரம் விழுந்ததைவிட மறுநாள் இருந்த அமைதிதான் சார் தாங்கல. ஒரு குருவிச் சத்தம் இல்ல” என்றார் காவலர். விழுந்த மரங்களின் அடித்தூர்கள் இன்னும் இருக்கின்றன. பல தூர்களில் புதுக் கிளை அடித்திருக்கிறது. நட்டு வளர்த்த தென்னையும் மாவும் வேதாரண்யம் வட்டாரத்தில் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து போக, இந்த நாட்டுக் காடு தானே துளிர்த்துக்கொண்டது. புயல் வரும் பாதையில் எந்த மரத்தை நட வேண்டும் என்று யோசிக்கிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து பார்க்க வேண்டும்.

நாலு மீட்டர் உயரத்தில் ஒரு சிகரம்

காட்டுக்குள் ஒரு மணல்மேடு. அதன்மேல் ஒரு சிறு மண்டபம். உள்ளே கல்லில் இரண்டு பாதச் சுவடுகள். ராமர் பாதம் என்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர்தான் உயரம். இந்த முனையில் அதுவே உச்சி. படியேறி நின்றால் சுற்றிலும் மரத்தலைகள் விரிகின்றன. நிலம் எவ்வளவு தட்டையானது, கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது இங்கே வந்தபிறகுதான் உறைக்கிறது.

ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது ஊர் நம்பிக்கை. முதலில் இங்கிருந்துதான் பாலம் கட்ட நினைத்தார், ராவணன் கோட்டையின் பின்புறம் தெரிந்தது, பின்வாசல் வழியாகப் போவது வீரனுக்கு அழகல்ல என்று ராமேசுவரம் போனார் என்று ஒரு கதை. அதனால் இந்தக் கடலுக்கு ஆதிசேது என்று பெயர். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் டெல்டா கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்து இங்கே மூழ்கி, முன்னோர்களுக்குத் தர்ப்பணம் கொடுக்கிறார்கள். அந்த நாட்களில் இந்த ஒற்றைச் சாலை நிரம்பி வழியும்.

எதிர்க்கரையோடு இந்தக் கரைக்கு இருக்கும் உறவு புராணத்தோடு நிற்கவில்லை. பாய்மரம் ஓடிய காலத்தில் வல்வெட்டித்துறையும் வேதாரண்யமும் வணிகத்தாலும் உறவாலும் பிணைந்த துறைகள். வேதாரண்யம் கோயிலுக்கும் யாழ்ப்பாணத்து வரணி ஆதீனத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. எல்லைக்கோடு நடுக்கடலில் விழுவதற்கு முன்னால் இது இரு கரைக்காரர்களும் அன்றாடம் புழங்கிய நீர்.

கரையில் ஏலம்

ஒன்பது மணிக்குக் கடற்கரை. பைபர் படகுகள் ஒவ்வொன்றாக வந்து தட்டிக்கொண்டிருந்தன. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை கோடியக்கரையில் மீன்பிடிப் பருவம். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து, மணலில் கொட்டகை போட்டுத் தங்கிவிடுவார்கள். பருவம் முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆண்டில் பாதி நாள் இருக்கிற ஊர் அது.

தார்ப்பாய் விரித்த மணலில் காலா, வாவல், திருக்கை. வேறொரு பக்கம் வலையோடு இறக்கிய நண்டு. ஆண்களும் பெண்களும் கால் நீட்டி உட்கார்ந்து ஒவ்வொரு நண்டாக வலைக் கண்ணியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொடுக்கு கையைக் கவ்வாமல், கால் ஒடியாமல் எடுக்க வேண்டும். கால் ஒடிந்த நண்டுக்கு விலை பாதிகூட வராது. பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் ஒரு அம்மா, “என்ன தம்பி, வாங்கப் போறியா, படம் எடுக்கப் போறியா?” என்றார். வாங்குவதாகச் சொன்னதும் பக்கத்தில் இடம் ஒதுக்கி உட்காரச் சொன்னார். வாடைக் காற்று தணிந்து கடல் இறங்கிவிட்டது, இந்த வாரம் பாடு பரவாயில்லை என்றார். வீட்டுக்காரர் எந்த நேரம் போய் எந்த நேரம் திரும்புவார் என்று கேட்டேன். “போறது தெரியும், வர்றதைக் கடல்ல பார்த்துக்கிட்டே இருக்கணும்” என்றபடி அடுத்த நண்டை எடுத்தார்.

செய்தித்தாளில் நாம் படிக்கும் ‘கடல் மைல்’ கணக்கின் மறுமுனை இந்த மணல்தான். நடுக்கடலில் தாக்கி, வலையை அறுத்து, இயந்திரத்தைப் பறித்துக்கொண்டு அனுப்பிய இரவுகளைப் பற்றி இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மூன்று விளக்குகள்

இந்த முனையைச் சுற்றிய கடல் ஆழம் குறைந்தது, மணல்திட்டு மிகுந்தது. வடக்கிலிருந்து வரும் கப்பல், கரை மடங்குவதை இரவில் அறியாமல் நேரே வந்தால் தரைதட்டும். ஆகவே இங்கே விளக்கு வேண்டும் என்பது கப்பல் ஓட்டியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இன்று வேலை செய்வது கோடியக்காட்டில் நிற்கும் உயரமான விளக்கு. 1998இல் செயல்பாட்டுக்கு வந்தது. உயரம் 45 மீட்டர். சாலையில் வரும்போதே மரங்களுக்கு மேலே வெகு தொலைவிலிருந்து தெரிகிறது. இரண்டாவது, கடற்கரை அருகில் ஆங்கிலேயர் 1902இல் கட்டிய குட்டையான விளக்கு.

மூன்றாவதைத் தேடித்தான் போக வேண்டும். கரையோரம் இன்னும் கொஞ்சம் நடந்தால், அலையும் மணலும் மாறிமாறி மூடும் இடத்தில் செங்கல் சிதிலம் ஒன்று கிடக்கிறது. சோழர் காலக் கலங்கரை விளக்கம் என்று தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவருவது இதுதான். முதலாம் பராந்தகன் காலத்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 2004 டிசம்பர் 26 வரை செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு கோபுரத்தின் மிச்சம் இங்கே நின்றுகொண்டிருந்தது. அன்று காலை வந்த ஆழிப்பேரலை அதைச் சாய்த்துவிட்டது. நாகப்பட்டினம் மாவட்டமே பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பழைய கட்டடத்தைப் பற்றி யாரும் கவலைப்பட முடியாது. அது நியாயம்தான். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

குனிந்து ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்த்தேன். இன்றைய செங்கல்லைவிட மெல்லியது, அகலமானது. விளிம்பில் சுண்ணாம்புக் காரை இன்னும் பிடித்திருந்தது. அதில் சிப்பித் துணுக்குகள். கடல் தின்றது போக மிச்சமிருக்கும் இந்தக் கட்டுமானத்தை அப்படியே விட்டால், இன்னும் சில புயல்களுக்குத்தான் தாங்கும். கல்கி தம் நாவலில் பூங்குழலியின் தந்தையைக் கலங்கரை விளக்கக் காவலராகப் படைத்தார். அந்த நாவலைப் படித்து, அதை வைத்து எடுத்த படத்தைப் பார்த்து, இங்கே தேடிவருகிற இளைஞர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குக் காட்ட நம்மிடம் இருப்பது இந்தச் செங்கற்கள்தான்.

தனியே இருக்கும் குழகர்

வெயில் ஏறியதும் கோடியக்காட்டுக் குழகர் கோயிலுக்குத் திரும்பினோம். சுந்தரர் பாடிய தலம். சேரமான் பெருமாளோடு இங்கே வந்த சுந்தரர், கடலோரக் காட்டில் துணைக்கு ஊரே இல்லாமல் இறைவன் தனியாக இருப்பதைக் கண்டு மனம் தாளாமல் பாடினார் என்பது வரலாறு. கடவுளைப் பார்த்து இரக்கப்பட்ட இந்தப் பதிகம் தேவாரத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று. நண்பகலில் அந்தப் பிராகாரத்தில் உட்கார்ந்தால் காற்றின் இரைச்சல் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. சித்தர் ஆலயமும் ஒரு தர்காவும் இந்த வட்டாரத்தில் உண்டு. எல்லாச் சமயத்தாரும் கடலுக்குப் போகும் முன் எல்லா வாசலிலும் நிற்கிறார்கள்.

உப்பு

பிற்பகலில் அகஸ்தியம்பள்ளி. சாலையின் இருபுறமும் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். தூத்துக்குடிக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் அதிகம் உப்பு விளைவது வேதாரண்யத்தில்தான். மழைநீரை வடித்து, பாத்தியின் சேற்றை மிதித்து இறுக்கி, வரப்பு கட்டும் வேலை முடிந்து முதல் உப்பு வாரத் தொடங்கியிருந்தார்கள். நீண்ட கம்பின் நுனியில் பலகை பொருத்திய வாருபலகையால் தரைச் சேறு கலக்காமல் உப்பை மட்டும் இழுத்து ஓரம் சேர்க்கிறார்கள். கொஞ்சம் அழுத்தினால் உப்பு கறுத்துவிடும், கொஞ்சம் தூக்கினால் பாத்தியிலேயே தங்கிவிடும். வெயிலும் வெள்ளை உப்பும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கின்றன. பாதங்கள் வெடித்த அந்தத் தொழிலாளர்கள் காலையில் இருட்டோடு தொடங்கி வெயில் உறைக்கும் முன் பெரும்பகுதியை முடித்துவிடுகிறார்கள்.

இதே மண்ணில்தான் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். திருச்சியிலிருந்து ஏப்ரல் 13ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி, நூறு பேர் அளவிலான தொண்டர்களோடு புறப்பட்டு, 240 கிலோமீட்டர் நடந்து வந்து சேர்ந்தார். தண்டி யாத்திரை தேசத்துக்கே தெரியும். இந்த யாத்திரையின் நுணுக்கங்கள் நம் பிள்ளைகளுக்கே தெரியாது. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் வழியில் பறித்துக்கொண்டு நடந்தார்கள். சட்டப்படி யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.

வேதாரண்யத்தில் அவர்களைத் தாங்கியவர் வேதரத்தினம் பிள்ளை. அந்த உபசரிப்புக்காகச் சிறை போனார், சொத்தை இழந்தார். பின்னாளில், 1946இல், பெண் பிள்ளைகளுக்காக அவர் நிறுவிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இன்றும் வேதாரண்யத்தில் நடக்கிறது. இன்னொருவர் வைரப்பன், நாவிதர். முகச்சவரம் செய்துகொண்டிருந்த ஆள் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும் கத்தியை மடக்கிவைத்துவிட்டார். போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்ற உறுதிமொழியை அவர் எடுத்திருந்தார். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி மிச்சத்தை முடிக்கச் சொன்னபோதும் மறுத்துச் சிறைக்குப் போனார். வேதாரண்யத்தின் பெருமையை எனக்குச் சொல்லச் சொன்னால் வைரப்பனிலிருந்துதான் தொடங்குவேன்.

அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30 அன்று வந்து உப்பு அள்ளுகிறார்கள். இங்கே ரயில் நிலையமும் உண்டு. ஒருகாலத்தில் ரயில் கோடியக்கரைவரையே ஓடியது. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி பாதை அகலப்பாதையாக்கப்பட்டு 2023 ஏப்ரலில் மறுபடி வண்டி ஓடத் தொடங்கியது. கார் இல்லாதவர்களுக்கு இது பெரிய வசதி.

பூநாரைகள் இறங்கும் நேரம்

நாளின் கடைசி இரண்டு மணி நேரத்தைச் சதுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் ஹவுஸ் பக்கம் போகிற பாதையும் முனியப்பன் ஏரியும் பறவை பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த இடங்கள். வேதாரண்யம் பெருஞ்சதுப்பு இங்கிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுவரை சுமார் 48 கிலோமீட்டர் நீள்கிறது. 2002இல் இதுவும் கோடியக்கரையும் முத்துப்பேட்டைக் காடும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலம் இதுதான். அதன்பின் இருபது ஆண்டுகள் வேறெதுவும் சேரவில்லை.

கணுக்கால் ஆழ நீரில் பூநாரைகள் வரிசையாக நின்றிருந்தன. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகை நீரில் அளைந்துகொண்டே நடக்கின்றன. நாக்கு உள்ளே இழுக்கும் சேற்றுநீரை அலகின் ஓரத்துச் சல்லடை வடிகட்டி, நுண்ணுயிரிகளையும் சிற்றிறால்களையும் நிறுத்திக்கொள்கிறது. அந்த இரையிலிருக்கும் நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. அவை கட்ச் பகுதியின் உப்புநிலங்களில் பிறந்து இங்கே வருபவை. அவற்றின் காலடியில் நூற்றுக்கணக்கில் ஓடித்திரிந்த கொசு உள்ளான்களோ ஆர்க்டிக் கரையிலிருந்து வருபவை. முப்பது கிராம்கூடத் தேறாத உடம்பு.

இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்று நமக்குத் தெரிந்ததில் கோடியக்கரைக்குப் பெரிய பங்கு உண்டு. சாலிம் அலி இந்த ஊரின் அருமையை 1960களிலேயே உணர்ந்தார். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பறவைகளைப் பிடித்து, எடை பார்த்து, சிறகளந்து, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி விடத் தொடங்கியது. கழகத்துக்குத் தகவல் சொல்லும்படி அந்த வளையத்திலேயே பொறித்திருக்கும். வேறொரு நாட்டில் அதே பறவை கிடைக்கும்போது வலசைப் பாதை தெரிகிறது. எஸ்.பாலச்சந்திரன் போன்ற ஆய்வாளர்கள் தம் பணிக்காலத்தையே இந்தச் சேற்றில் செலவிட்டிருக்கிறார்கள்.

அவர்களின் பதிவுகள் சொல்லும் செய்தி கவலை தருவது. 1980களில் வந்த அளவு பறவை இப்போது வருவதில்லை. காரணமும் தெரிந்ததுதான். அடப்பாறு, முள்ளியாறு, மானங்கொண்டான் ஆறு போன்ற கடைமடை ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் கடல்நீரோடு கலந்தால்தான் இந்தச் சதுப்பில் பூச்சியும் புழுவும் இறாலும் பெருகும். கடைமடைக்கு வரும் தண்ணீர் குறைந்துவிட்டது. உப்பு விளைவிக்கும் பரப்பு கூடியிருக்கிறது. நீரின் உப்புத்தன்மை ஏற ஏற, இரை வகைகள் சுருங்குகின்றன. உப்பளம் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு. அதை மூடச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் சதுப்பை ஈரநிலமாக உயிரோடு வைக்க எவ்வளவு நன்னீர் எந்த மாதத்தில் தேவை என்று கணக்கிட்டு, மதகுகளை அதற்கேற்ப இயக்குவது நீர்வளத் துறையும் வனத் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற காரியம்.

சூரியன் தென்மேற்கே பாக் நீரிணைக்குமேல் இறங்கியது. கரை மடங்குவதால் குளிர்காலத்தில் இங்கே சூரியன் கடலில் உதித்துக் கடலிலேயே மறைகிறது. பூநாரைகளின் பெருங்கூட்டம் ஒன்று எழுந்தபோது சிறகின் அடிப்பக்கச் சிவப்பும் கருப்பும் ஒருங்கே விரிந்தன. ஓரமாகச் சிவந்திருந்த உமரிச் செடிகளின்மேல் அவற்றின் நிழல் ஓடியது.

வேதாரண்யத்துக்குத் திரும்பும்போது கோயில் திறந்திருந்தது. ‘வேதாரண்யம் விளக்கழகு’ என்பது பழமொழி. மாலையில் போனால்தான் அது விளங்கும். வேதங்கள் பூசித்து அடைத்துப்போனதாகச் சொல்லப்படும் கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகமே பாடினார், மூடச் சம்பந்தருக்கு ஒரே பாட்டுப் போதுமானதாக இருந்தது. திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவரும் தாயுமானவரும் பிறந்த ஊர். மாசிமகத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் 45 கிலோமீட்டர் அளவு, பேருந்து வசதி உண்டு. காட்டுக்குள் வனத்துறை அனுமதியோடு, ஊர் தெரிந்த வழிகாட்டியை அழைத்துக்கொண்டு போங்கள். காலையில் வெளிமான், மாலையில் பறவை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். இருநோக்கி ஒன்று கையில் இருக்கட்டும். குடிதண்ணீர் எடுத்துப்போங்கள், காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். குரங்குக்கும் மானுக்கும் எதையும் கொடுக்காதீர்கள். கடலில் இறங்கும் முன் ஊர் மீனவர்களைக் கேளுங்கள்.

தொல்லியல் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கோடியக்கரையில் மிஞ்சியிருக்கும் சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் செங்கற்களை முறையாக அளந்து, ஆவணப்படுத்தி, காலத்தைக் கணித்து, அலை தின்னாதபடி சுற்றிலும் ஒரு தடுப்புக் கட்டி, வருகிறவர்களுக்குத் தெரியும்படி ஒரு தகவல் பலகை வையுங்கள். இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த வேலை தொடங்க வேண்டும்.